வியாழக்கிழமை கட்டிய தவணை

உதவி செய்தவருக்கு நன்றி சொல்வது எளிது. கெடுதல் செய்வதற்கென்றே சம்பளம் கொடுத்து அனுப்பப்பட்ட ஒருவர், அதை முழுதாகச் செய்யாமல் திரும்பிப் போனால் அவருக்கு என்ன சொல்வது? அங்கே நன்றி என்ற சொல் பொருந்துமா? ஞானம்பாளின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஒரே ஒருமுறைதான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

அவரைப் புகழ்ந்து சொல்ல அதிகம் இல்லை. கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். காய்கறிக் கடையில் கொசுறுக் கறிவேப்பிலை வாங்காமல் நகரமாட்டார். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பாரில் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டுதான் வருவார். ஆனால் தனக்கு ஒருவர் செய்ததை மறக்கிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. டவுன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பெண்ணை ஒரு மாதம் கழித்து வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் பார்த்து, "அன்னைக்கு எனக்குக் கால் வலி, நல்ல நேரத்துல எந்திரிச்சம்மா" என்று சொல்லி அவளைத் திகைக்க வைத்தவர் அவர்.

கணவர் சிவசைலம் பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்ததாம். பங்கு பிரித்து, பங்கு விற்று, அவர் பிறப்பதற்கு முன்பே எல்லாம் தீர்ந்துவிட்டது. கல்யாணமாகி இருபது வருடம் வாடகை வீடுகளில் இருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினாலில், ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கி, கே.டி.சி. நகரைத் தாண்டி ஒரு புது மனைப்பிரிவில் இரண்டு அறையுள்ள வீடு கட்டினார்கள். வீட்டை எழுதி வைத்த பத்திரம் நிறுவனத்தின் பெட்டகத்துக்குப் போயிற்று. மாதம் ஐந்தாம் தேதி தவணை. கடை வருமானம் கையில் ரொக்கமாகவே வந்ததால், வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த கிளை அலுவலகத்துக்கு ஞானம்பாளே நேரில் போய்க் கட்டிவிட்டு வருவார்.

இதில் அவர் ஒரு முறையை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது. அவர் பிறந்த வீட்டு வழக்கம் அது. லட்சுமி வருகிற நாளில் அவளை அனுப்பிவைப்பதா என்பார்கள். மற்றபடி பெரிதாகச் சாஸ்திரம் பார்க்கிறவர் இல்லை. ராகு காலத்தில் வெளியூர் கிளம்புவார். அஷ்டமியில் புதுப் புடவை உடுத்துவார். ஆனால் வெள்ளிக்கிழமை பால்காரருக்குக்கூடப் பணம் கொடுக்கமாட்டார். ஆகவே ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால், வியாழனே போய்த் தவணையைக் கட்டிவிடுவார். ஒருமுறை அந்த வியாழன் தீபாவளியாக இருந்தது. புதன்கிழமையே போய்க் கட்டினார். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

"கடன்காரனுக்கு ரெண்டு நாள் முந்திக் கொண்டாந்து கொடுக்குத ஆளு நீங்கதான் ஆச்சி."

"பிந்திக் கொடுத்தாத்தான திட்டுவிய? முந்திக் கொடுத்தா என்ன செய்வியன்னு பாக்கேன்" என்றார் ஞானம்பாள்.

என்ன செய்வார்கள் என்பது அப்போது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாதம், கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோதே சிவசைலத்துக்கு வாய் கோணி, வலது கை விழுந்தது. உயிர் தப்பியது. வலது கையும் பேச்சில் முக்கால்வாசியும் போயின. கையிருப்பும் வளையல்களும் ஆஸ்பத்திரிக்குப் போயின. கோயம்புத்தூரில் வேலை பார்த்த மகள் மதுமதி தன் சம்பளத்தில் பாதியை அனுப்பினாள். காலையில் கணவரைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துவிட்டு, ஞானம்பாள் கடையைப் போய்த் திறந்தார். அவருக்கு ஜெராக்ஸ் எடுக்கத் தெரியும். டைப் அடிக்க அப்போதுதான் பழகினார். வருமானம் பாதியானது. தவணை பாதியாகவில்லை.

நான்காவது மாதம், கையில் பணம் இல்லாமல் முதன்முறையாகக் கிளை அலுவலகத்துக்குப் போனார். மேலாளர் குமரகுருபரன் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"தவணையக் கொறச்சு, வருசத்தக் கூட்டித் தரணும் சார். கட்டமாட்டோம்னு சொல்லல. பைய கட்டுதோம்னு சொல்லுதேன்."

குமரகுருபரன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க ரெக்கார்டு சரியில்லையேம்மா. சலுகை கேக்கணும்னா ஒழுங்கா கட்டியிருக்கணும். பதினாலு தடவ தவறியிருக்கே."

"ஒரு தடவகூடத் தவறலயே."

"நான் சொல்லலம்மா. சிஸ்டம் சொல்லுது."

"அத இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. நானும் கேட்டுக்கிடுதேன்."

அவர் திருப்பவில்லை. கஸ்டமருக்குக் காட்டுகிற வழக்கம் இல்லை என்றார். இரண்டாவது முறை போனபோது மனு எழுதித் தரச் சொன்னார். மூன்றாவது முறை, மனு மேலே போயிருக்கிறது என்றார். நான்காவது முறை, எந்த மனு என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டும் தவறாமல் வந்தது. கொண்டுவந்த பையனுக்கு ஞானம்பாள் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னார். படியிறங்கும்போது அழுகையை அடக்கிக்கொண்டு இறங்குவார். அழுதால் பஸ்ஸில் பார்ப்பார்கள்.

தைக்குப் பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. அறுபது நாளுக்குள் முழுக் கடனையும் கட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அதைச் சிவசைலத்துக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் இருபது வருடம் கோர்ட்டு வாசலில் தாள்களோடு இருந்தவருக்கு உறையைப் பார்த்தாலே போதும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மாசி மாதம் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்று மூன்று முறை ஹாரன் அடித்தது. வசூலுக்கு வருகிறவர்களின் முறை அது: கதவைத் தட்டமாட்டார்கள், தெருவைத்தான் தட்டுவார்கள்.

"சிவசைலம் வீடு இதான? ஏ, யாரு உள்ள?"

ஞானம்பாள் போய்க் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள், கையில் ஒரு கோப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார் என்று சிவசைலம் எழுந்துவிட்டார். இடது கையால் மட்டும் சட்டையை மாட்டி, ஒரு பொத்தானைப் போட்டு, அடுத்ததைப் போட முடியாமல் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அதற்கு மூன்று நான்கு நிமிடம் ஆயிற்று. வந்தவர் அத்தனை நேரமும் படியிலேயே காத்து நின்றார்.

"வாங்க... உக்காருங்க" என்றார் சிவசைலம். பிறகு மனைவியைப் பார்த்து, "காப்பி" என்றார்.

வந்தவர் உட்கார்ந்தார். காப்பி வந்ததும் குடித்தார். எந்த ஊர் என்று சிவசைலம் சாடையில் கேட்க, "கூடங்குளம் பக்கம் அண்ணாச்சி. வன்னியராஜ்" என்றார். டம்ளரை வைத்துவிட்டு ஞானம்பாளைப் பார்த்தார்.

"எக்கா, ஏன் இப்படி விட்டிய? இந்த நாலு மாசம் சரி, அண்ணாச்சிக்கு முடியல. அதுக்கு முந்தியே பதினாலு தவறியிருக்கே."

"ஆளாளுக்குப் பதினாலு, பதினாலுங்கிய. எந்தப் பதினாலு?"

வன்னியராஜ் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாத தாள் அது. அதில் தேதிகள் இருந்தன. எல்லாம் ஐந்தாம் தேதிகள். ஞானம்பாள் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். கடைசித் தேதி இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பர் ஐந்து. அது தீபாவளிக்கு மறுநாள். அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"இதெல்லாம் வெள்ளிக்கிழமைல்லா?" என்றார்.

"வெள்ளிக்கிழமைன்னா?"

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல பணம் வெளிய போவாது. அதனால முந்தின நாளே கட்டிருவேன். பதினாலுந்தான். ஒண்ணு புதன்கிழமைகூட."

வன்னியராஜ் தாளை வாங்கித் தன் போனில் காலண்டரைத் திறந்து, தேதி தேதியாகப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எக்கா, முந்திக் கட்டுன பணத்த அவிய தவணையா வைக்கல. கூடுதலாக் கட்டுனதுன்னு அசல்ல கழிச்சிருக்காவ. மறுநாள் தவணை வரலன்னு மிஷின் எழுதிருச்சு. அதுக்கு ஒரு அபராதம். அடுத்த மாசம் நீங்க கட்டுனதுல மொதல்ல அந்த அபராதத்த எடுத்திருக்கான். அப்ப அந்த மாசமும் கொறயும். ரசீது வச்சிருக்கியளா?"

"இருக்கு."

வன்னியராஜ் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். நோட்டீஸ் வந்த அறுபது நாளுக்குள் மறுப்பு எழுதினால் பதினைந்து நாளில் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுதும்போது கிளைக்கு மட்டும் எழுதக் கூடாது, சென்னையில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுத வேண்டும். பதினாலு ரசீதையும் வைக்க வேண்டும். இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் சொன்னார். "நான் சொன்னதா எங்கயும் வரக் கூடாது எக்கா. எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு."

"வராது."

"இப்ப எனக்கு ஒரு ஒதவி செய்யணும்."

"நான் உங்களுக்கா?"

"வாசல்ல நின்னு நாலு சத்தம் போடணும். வீடியோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பலன்னா, நான் இங்கன வரவே இல்லம்பாவ. அண்ணாச்சிய உள்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. அவிய காதுல விழ வேண்டாம்."

"என்ன சொல்லித் திட்டுவிய?"

"வழக்கமாப் பேசுதது ரொம்ப மோசம். உங்களுக்குக் கொறச்சுக்கிடுதேன்."

ஆறு மாதத்தில் ஞானம்பாள் சிரித்தது அன்றுதான். வன்னியராஜ் வெளியே போய், போனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். "வீடு கட்டத் தெரியுது, கடனக் கட்டத் தெரியலையோ? அறுபது நாளுல சாவி எங்க கையில இருக்கும், பாத்துக்கிடுங்க!" ஞானம்பாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குனிந்தது பாதி நடிப்பு, பாதி நடிப்பில்லை. வண்டியைக் கிளப்பும்போது அவர் திரும்பாமலே, "அறுபது நாள மறந்துராதிய" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

எதிர் வீட்டு ஐயம்பெருமாள், ஓய்வு பெற்ற கண்டக்டர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அந்தப் பயலப் புடிச்சு நாலு சாத்துச் சாத்தியிருக்கணும்."

"விடுங்க அண்ணாச்சி, பாவம்."

"பாவமா? யாரு, அவனா?"

ஞானம்பாள் காப்பி டம்ளரைக் கழுவ உள்ளே போனார். வாக்குக் கொடுத்தாயிற்று.

அன்று மாலை பீரோவிலிருந்து ரசீது டப்பாவை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தார். எட்டு வருட ரசீதுகள். கடைசிச் சில தவிர எல்லாம் வெள்ளைத் தாள்கள். மிஷின் சூட்டில் அடிக்கிற ரசீதில் மை கிடையாது. ஒரு வருடம் போனால் எழுத்தும் போய்விடும். சிலவற்றில் நிறுவனத்தின் பெயர் மட்டும் தேய்ந்து தெரிந்தது. வேண்டிய தேதி எதிலும் இல்லை. ஞானம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலின் விளிம்பில் சிவசைலம் இடது கையால் தட்டினார். ஞானம்பாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி தட்டினார்.

"ஏளா... கடை."

"கடைக்கு என்ன?"

"பரண்... பச்ச டேக்."

மறுநாள் கடையில், பரண்மேல், கோர்ட்டுக் கட்டுகள் கட்டுகிற பச்சை நாடாவால் கட்டிய ஒரு கோப்பு இருந்தது. மேலே சிவசைலத்தின் பழைய கையெழுத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தது. ஞானம்பாள் ரசீதைக் கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு மாதமும், அன்று மாலையே கடை மிஷினில் அதை ஒரு பிரதி எடுத்து, தேதி வரிசையில் கோத்து வைத்திருந்தார். வெளுத்துப்போன ரசீதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்று அழுதவர்களை அவர் பார்த்திருக்கிறார். இதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. அது அவருக்குப் பல் தேய்ப்பது போல. பதினாலும் இருந்தன. தீபாவளிக்கு முந்தின நாளின் புதன்கிழமை ரசீதும் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஞானம்பாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல?"

சிவசைலம் யோசித்தார். "ஒரு பக்கம்... ரெண்டு ரூவா" என்றார்.

மறுப்பை ஞானம்பாளே தமிழில் டைப் அடித்தார். நாலு முறை அடித்துத் திருத்தினார். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் பகுதியில் இருந்த கரோலின், இரண்டு உறைகளிலும் முகவரியைச் சரிபார்த்துவிட்டு, "அட்டையும் சேத்து அனுப்புங்கம்மா. அவங்க வாங்குன கையெழுத்தோட உங்களுக்குத் திரும்பி வரும். பின்னால வரலன்னு சொல்ல முடியாது" என்றார். அட்டைகள் இரண்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தன. கிளையிலிருந்து பதினைந்து நாளில் பதில் வரவில்லை. இருபதாம் நாள் குமரகுருபரன் போன் செய்தார்.

"எதுக்கும்மா மேல எழுதுனீங்க? எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நாலு தடவ சொன்னேன் சார். தண்ணியும் குடிச்சேன்."

அதன்பிறகு காரியம் தானாக நடக்கவில்லை, ஆனாலும் நடந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி இரண்டு முறை பேசினார். ரசீதின் மூலங்களைக் கேட்டார்கள். ஞானம்பாள் வெள்ளைத் தாள்களையும் சேர்த்தே அனுப்பினார். அவர்களுடைய கவுண்டர் பதிவில் வியாழக்கிழமைகள் அப்படியே கிடந்தன. ஆனி மாதம் கடிதம் வந்தது. பதினாலு தவறுகளும் நீக்கப்பட்டன. அபராதமும் அதன்மேல் ஏறியவையும் கழிக்கப்பட்டன. நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. தவணை ஏறக்குறைய பாதியாகி, வருடங்கள் கூடின. கடன் தீரும்போது ஞானம்பாளுக்கு எழுபது வயதை நெருங்கியிருக்கும். இதை வெற்றி என்று சொல்ல முடியாது. வீடு இருக்கிறது என்று சொல்லலாம்.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார் குமரகுருபரனிடம். அவர் நிமிரவில்லை. "ரெண்டாம் பக்கத்துலயும் போடணும்மா" என்றார்.

இதைக் கேட்டுச் சிவசைலம் வீட்டில் முகத்தைச் சுளித்தார். "அவனுக்கு... எதுக்கு?"

"அவரு கையெழுத்து இல்லாம முடிஞ்சிருக்குமா? அந்தக் கையெழுத்து அளவுக்கு நன்றி. அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல."

இப்படி அளந்து அளந்து எல்லோருக்கும் சொல்லி முடித்தார். கரோலினுக்கு ஒரு முழம் மல்லிகை கொண்டுபோய்க் கொடுத்தார். சென்னை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். மதுமதிக்கு, அவள் கூச்சப்படும்படி, போனில் சொன்னார். மீதி இருந்தவர் ஒருவர்தான். கிளையில் வேறு ஒரு வசூல் ஆளிடம் பொதுவாக விசாரித்ததில், வன்னியராஜ் வேலையை விட்டுப் பல மாதமாயிற்று என்றார். தானாக விட்டாரா, விடச் சொன்னார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் டீக்கடை போட்டிருப்பதாகக் கேள்வி என்றார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஞானம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் கடிதத்தால்தான் அவர் வேலை போயிற்றா? கடிதத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்தத் தேதிகள் இவருக்கு எப்படிக் கிடைத்தன என்று யாராவது யோசித்திருக்கலாம். சிவசைலத்துக்குக் கைத்தடியோடு நடக்க வந்ததும், அடுத்த வருடம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையில் ஒரு வேட்டி, ஒரு சேலை, இரண்டு பிள்ளைகளுக்கும் உடுப்பு. பிள்ளைகளின் வயது தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே எடுத்திருந்தார்.

ராதாபுரம் தாண்டியதும் காற்றாலைகள் வந்தன. வெயில் ஏறிவிட்டது. கூடங்குளத்தில் இறங்கி இரண்டு இடத்தில் கேட்டதும், அணுமின் நிலையத்துக்குப் போகிற சாலையில் கடையைக் காட்டினார்கள். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. வன்னியராஜ் கொஞ்சம் சதை போட்டிருந்தார். அவர் டீ ஆற்ற, மனைவி வடை போட்டுக்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானம்பாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வன்னியராஜ் டீயைக் கொண்டுவந்து வைத்தார். முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. நூறு வீட்டு வாசலில் நின்று கத்தியவர். ஒரு காலையில் அரைமணி நேரம் பார்த்த முகம்.

"வெளியூரா? எங்கன இருந்து வாரிய?"

"திருநெல்வேலி."

"அட, நான் எட்டு வருசம் அங்கனதான் கெடந்தேன். திருநெல்வேலில எங்கன?"

ஞானம்பாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பை மடியில் இருந்தது. நன்றி சொல்வதென்றால், வாசலில் நின்று அவர் கத்தியதையும் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"வண்ணார்பேட்டை" என்றார்.

"நல்ல நெருக்கடியான எடம்லா. இங்க யாரு வீட்டுக்கு?"

"தெரிஞ்சவிய ஒருத்தர். பாத்தாச்சு. ஏன், அங்க வேலைய விட்டுட்டு வந்திட்டிய?"

"ஒத்து வரல. இது நிம்மதி. இங்கயும் கத்தணும், ஆனா 'ஒரு டீ'ன்னுதான் கத்தணும்." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானம்பாளும் சிரித்தார். வடை நன்றாக இருக்கிறது என்று வன்னியராஜின் மனைவியிடம் சொன்னார். சொன்னது பொய்யில்லை, அந்த வடையில் அவர் ஒரு குறையும் காணவில்லை. காசைக் கொடுத்தார். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார். திரும்பிப் போகிற பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது சிவசைலம் வாசலில் காத்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன். நல்லாருக்காவ. கடை நல்லா ஓடுது."

அவர் பையைப் பார்த்தார். "குடுக்கலையா?"

"இல்ல" என்றார் ஞானம்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவப் போனார்.